மொன்றியலில் பதினொரு வசனங்கள்

என் மகன் ஒரு ரவுடிக் கூட்டத்தில் இருக்கிறான் என்ற செய்தி எனக்கு முன்பே மொன்றியலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் திருத்துவதற்காகத்தான் நான் விமானம் ஏறினேன்.

நடந்தது இதுதான். மகன் நிரோஜன் டென்மார்க்கில், எங்கள் ஹெர்னிங் நகரத்தில் மின்சார வேலை படிக்கிறவன். அவன் உதைபந்தாட்டம் விளையாடும் கழகத்துக்கு ஒரு நாள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். வேலை வெட்டி இல்லாத இளம் பொடியன்கள் எப்படிச் சிறுகச் சிறுக வன்முறைக் கூட்டத்துக்குள் இழுபட்டுப் போகிறார்கள் என்று ஒரு குற்றப்படம் எடுக்கிறார்களாம், முகங்கள் தேவையாம். நிரோஜனுக்கு மொட்டை அடித்தார்கள், கழுத்தில் பச்சை குத்தியதுபோல வரைந்தார்கள், அமீர் என்று பெயர் வைத்துக் கார் ஓட்டவிட்டார்கள். டேனிஷ்காரருக்கு அமீரும் ஒன்றுதான், நிரோஜனும் ஒன்றுதான். உண்மையில் அவனிடம் சாரதி உரிமம்கூட இல்லை; காரை ஒரு லொறியின் பின்னால் ஏற்றி இழுத்துக்கொண்டு போனார்களாம். படம் முழுவதிலும் அவனுக்குப் பதினொரு வசனங்கள். அவற்றில் ஏழு, நான் இங்கே எழுத முடியாதவை.

படம் வெளிவந்தபோது, கைகளில் விலங்கோடு நிரோஜன் முறைத்துக்கொண்டு நிற்கும் சுவரொட்டியைப் பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். அதே மாதம் மொன்றியலில், நிரோஜன் கட்ட விரும்பிய அபிராமியின் தகப்பன் தவராசா, எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்கிற வேலையைச் செய்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். அபிராமியும் நிரோஜனும் ஜேர்மனியில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, இரண்டு வருடமாக டெலிபோன் அட்டைகளைத் தேய்த்துத் தேய்த்துத் தீர்த்தவர்கள். தவராசா ஒருவரிடம் கேட்க, அவர் இன்னொருவரிடம் கேட்க, கடைசியில் டென்மார்க்கில் எங்கோ இருக்கும் ஒரு நல்ல மனிதர் தன் கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டார். "பெடியனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. பஸ் ஸ்ராண்ட் எல்லாம் படம் ஒட்டியிருக்கு."

அது சினிமா என்று நான் தொலைபேசியில் விளக்கினேன். தவராசா "ஓம், ஓம்" என்றார். நம்பாத மனிதர் சொல்லும் ஓம் அது. படத்தின் டிவிடியைக் கொண்டு நேரில் வருகிறேன் என்றேன். அதில் திரைக்கு அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடாது, பேச்சு டேனிஷ் மட்டும்தான். ஆனால் என் தொழிலே மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரியிலும் நகரசபையிலும் தமிழ் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். மனைவி ரஞ்சிக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்கள் வாயைக் குறைச்சுக் கதையுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

முதல் நாளே சூட்கேஸ் வரவில்லை. மற்ற எல்லோருடைய பெட்டிகளும் சுற்றி முடிந்து, பட்டி வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. டிவிடி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. என்னை அழைத்துப்போக வந்த செல்வம், என் சின்னம்மாவின் மகன், கவுண்டரில் இருந்த பெண்ணோடு பிரெஞ்சில் நீளமாகக் கதைத்துவிட்டு வந்தான். "பெட்டி எங்கேயோ பத்திரமா இருக்குதாம், அண்ணை. எங்க எண்டுதான் அவைக்குத் தெரியேல்லை."

செல்வத்துக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வீடு சென்ட் லோரன்டில். வழி முழுக்க ரோட்டில் பள்ளங்கள். பள்ளங்களைச் சுற்றிச் செம்மஞ்சள் கூம்புகள். கூம்புகள் இருக்கும் இடத்தில் வேலைக்காரர் எவரும் இல்லை. ஹெர்னிங்கில் ரோட்டில் ஒரு கீறல் விழுந்தால் நகரசபையிலிருந்து கடிதம் வரும். இங்கே பள்ளத்தைப் பற்றிச் செல்வம் பெருமையோடு பேசினான். இந்தப் பள்ளம் தன் மகள் பிறந்த வருடம் வந்ததாம்.

இரண்டாம் நாள், செல்வத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு சம்பந்தியைப் பார்க்கப் புறப்பட்டேன். செல்வம் என்னைவிட இரண்டு சுற்று சின்னவன். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான்கள் எப்போது வேண்டுமானாலும் கைவிடத் தயாராக இருந்தன. தவராசா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். "வேலை முடியிற நேரம் வாங்கோ, நானே வீட்டை கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் ஊரில் பஸ் மூன்று மணி நான்கு நிமிடம் என்றால் மூன்று மணி நான்கு நிமிடம். இங்கே அட்டவணையில் இருந்த பஸ் வரவே இல்லை. பிறகு இரண்டு ஒன்றாக வந்தன. மெட்ரோவில் ஏறினேன். ஜான்-டலோன் என்று அறிவித்தபோது, எதிரில் இருந்த மூதாட்டி பின்னிக்கொண்டிருந்த காலுறையின் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நான்கு நிலையம் தாண்டித்தான் விளங்கியது. அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, மறுபக்க மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, பிரெஞ்சில் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான்: அசையாமல் நிற்கட்டாம். டென்மார்க்கில் இருபது வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு அந்நியர் என் கையைப் பிடித்தது இல்லை. எனக்கு மொன்றியலை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

சந்தையைப் பார்த்ததும் பசி வந்தது. தக்காளி மட்டும் ஏழெட்டு நிறம். சோளம் மலையாகக் குவிந்திருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பழத்தை வெட்டித் தட்டில் வைத்திருந்தார்கள், எடுத்துத் தின்றால் ஒருவரும் முறைப்பதில்லை. நான் மூன்று கடையில் பீச் பழம் தின்றபடியே தவராசாவைத் தேடினேன். நீல ஏப்ரன் கட்டிய, உயரமான, நரைத்த மீசைக்காரர் ஒருவர் கத்தரிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கூவிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுதான், ஆனால் ராகம் திருகோணமலை மீன் சந்தை.

"வாங்கோ அண்ணை. பிந்திப்போச்சு" என்றார். என் வயிற்றுப் பொத்தான்களைப் பார்த்தார். பெட்டி தொலைந்த கதையைச் சொன்னேன். "அப்ப டிவிடி?" என்று கேட்டார். அதுவும் பெட்டிக்குள் என்றேன். "ஓம், ஓம்" என்றார். ஆதாரத்தைத் தொலைத்துவிட்டு வந்த குற்றவாளிபோல ஒரு பை நிறையக் கத்தரிக்காயைச் சுமந்துகொண்டு அவர் வானுக்குப் பின்னால் நடந்தேன்.

வான் நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியது. மேம்பாலத்தில் ஒரு சிவப்புக் கார் சைகை காட்டாமல் எங்களுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு வந்தது. தவராசா பிரேக்கை மிதித்தார். "அடேய், உன்ர..." என்று தொடங்கியவர், பக்கத்தில் நான் இருப்பது நினைவு வந்து, மூச்சை இழுத்து, "...முருகா" என்று முடித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு லொறி. மறுபடியும் முருகன் வந்தார். அவருடைய வீடும் இருந்த சென்ட் லோரன்ட் போய்ச் சேருவதற்குள் முருகன் ஐந்து தடவை அழைக்கப்பட்டார். இவ்வளவு பக்தியான மனிதராக இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வீட்டில் அபிராமி கதவைத் திறந்தாள். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, மெலிந்த உருவம், சிரிப்பை அடக்க முயலும் முகம். "வாங்கோ அங்கிள்" என்றாள். தாய் சறோ இறால் பொரித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, புட்டை மலைபோலக் குவித்தார். ஒருவரும் நிரோஜன் பெயரை எடுக்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு என்பது எனக்குச் சொல்லாமலே விளங்கியது. கழுத்துவரை சாப்பிட்டேன். ஒரு பொத்தான் அங்கேயே போய்விட்டது.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. அந்த மகிழ்ச்சியில் செல்வம் என்னைப் பூட்டீன் தின்னக் கூட்டிப்போனான். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டித் துண்டுகள், அதன் மேல் சுடச்சுடக் குழம்பு. பார்த்தால் யாரோ தவறுதலாகக் கொட்டியது போல இருந்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். ரஞ்சி தொலைபேசியில், "என்ன, ஏதாவது சொல்லிச்சினமோ?" என்று கேட்டாள். நாளைக்குப் படம் என்றேன். "அதில அவன் தூஷணம் கதைக்கிறானெல்லோ?" என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அங்கேதான் பிழை தொடங்கியது. மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் நானும் புற்றுநோய் என்றுதான் சொல்லவேண்டும். ஒருமுறை நகரசபை அதிகாரியான ஒரு பெண்ணை எங்கள் ஆள் ஒருவர் தாயோடு சேர்த்துத் திட்டினார். நான் அதைச் சுத்தமான டேனிஷில் அந்தப் பெண்ணிடம் ஒப்புவித்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அப்படி இருபது வருடம் காப்பாற்றிய சட்டத்தை மகனுக்காக ஒரு பின்னேரம் மட்டும் தள்ளி வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தவராசா வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். சாமி அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். புது டிவிடி பிளேயர் ஐரோப்பியத் தட்டை வாங்க மறுத்தது. இரண்டு முறை துப்பியது. "பழசைக் கொண்டாங்கோ" என்றார் சறோ. ஜேர்மனி, நோர்வேயிலிருந்து வரும் கல்யாண வீட்டு வீடியோக்களைப் பார்ப்பதற்கென்று, எந்த நாட்டுத் தட்டானாலும் ஓடக்கூடிய ஒரு பழைய பிளேயர் எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் ஓடியது. டிவியின் பக்கத்தில் நான் நின்றேன். மூலைக் கதிரையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் இருந்தார். கனகு அண்ணை, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள்.

படம் தொடங்கியது. ஒரு கராஜில் கூட்டத் தலைவன் நிரோஜனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, எச்சில் பறக்கக் கத்துகிறான். நான் சொன்னேன்: "தம்பி, நீர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. எனக்கு மனவருத்தமாக இருக்கிறது." நிரோஜன் நரம்பு புடைக்கத் திருப்பிக் கத்துகிறான். நான் சொன்னேன்: "மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. இனிமேல் இப்படி நடக்காது."

"என்ன மரியாதையாக் கதைக்குதுகள்" என்றார் ஒரு அத்தை. "எங்கட பிள்ளையள் இப்பிடிக் கதைக்குதுகளோ?" என்றார் இன்னொருவர். எனக்கு உற்சாகம் வந்தது. கத்தி எடுக்கும் இடத்தில் "தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்" என்றேன். குசினி வாசலில் நின்ற அபிராமி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகு அண்ணை இருமத் தொடங்கினார். தண்ணீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை நான் வாய் திறந்தபோதும் அவருக்கு இருமல் வந்தது.

பாதியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். தட்டுகளில் றோல்ஸும் பற்றிஸும் சுற்றி வந்தன. தவராசா என்னைப் பல்கனிக்கு அழைத்தார்.

"அண்ணை, கனகு கனடாவுக்கு வரமுதல் ரெண்டு வருசம் டென்மார்க்கில அகதி முகாமில இருந்தவர்" என்றார். "மீன் பக்ரறியில வேலை செய்தவர். பாஷை எல்லாம் மறந்துபோச்சாம். அங்க மேற்பார்வை பார்த்த ஃபோமன் ஏசின ஏச்சு மட்டும் ஒண்டும் மறக்கேல்லையாம். அந்தச் சொல்லு ஒவ்வொண்டும் படத்தில வருதாம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

உலகத்தில் ஒரு மனிதருக்கு டேனிஷில் எந்தச் சொற்கள் மட்டும் தெரியுமோ, அந்தச் சொற்களை மட்டும் நான் அவர் முன்னால் விட்டுவிட்டிருந்தேன். கையில் இருந்த றோல்ஸை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எனக்குப் படத்தில சந்தேகம் இல்லை" என்றார் தவராசா. "அது நடிப்புத்தான், பார்த்தாத் தெரியுது. நான் உங்களைத்தான் பார்க்க நினைச்சனான். என்ர அக்காவின்ர மகன் ரொறன்ரோவில உள்ளுக்கு இருக்கிறான், தெரியுமோ? உப்பிடி ஒரு கூட்டத்தோட போனவன். எத்தினை தரம் கேட்டனாங்கள். அக்கா, அவன் படிக்கப் போறான், அவன் நல்லாத்தான் கதைக்கிறான் எண்டுதான் சொன்னவ. எல்லாத்தையும் அழகாக்கித்தான் சொன்னவ. நீங்களும் அழகாக்கிச் சொல்லுறீங்கள். நாளைக்கு என்ர பிள்ளைக்கு அங்க ஒரு கஷ்டமெண்டால், அதையும் அழகாக்கித்தானே எனக்குச் சொல்லுவீங்கள்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது. மகனுடைய கல்யாணத்தை மகன் கெடுக்கவில்லை, நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். "முதலில இருந்து போடுங்கோ" என்றேன். "இந்தமுறை உள்ளதைச் சொல்லுறன்."

உள்ளே போய் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். இதுவரை நான் சொன்னது முழுக்கப் பொய், இனிமேல் சொல்வது தூஷணம், விருப்பமில்லாதவர்கள் குசினிக்குப் போகலாம். ஒருவரும் எழும்பவில்லை. குசினியில் நின்றவர்களும் இங்கே வந்தார்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் கார்ட்டூன் பார்க்க மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கராஜ். சட்டையைப் பிடித்தான், கத்தினான். நான் வாயைத் திறந்தேன். பாடசாலை நாட்களுக்குப் பிறகு என் வாயில் வராத சொற்கள், ஒவ்வொன்றாக, தலை முதல் வால் வரை வந்தன. தாய், தாயின் தாய், பிறந்த விதம், எதையும் குறைக்கவில்லை. என் மகனின் பதிலையும் அப்படியே சொன்னேன். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சறோதான் வாய் திறந்தார். "இதையே அண்ணை இவ்வளவு நேரம் ஒளிச்சனீங்கள்? இது எங்கட இவர் நாப்பதாம் றோட்டில ஒவ்வொரு நாளும் சொல்லுறதுதானே."

வீடு வெடித்தது. அத்தைமார் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தவராசா நிலத்தைப் பார்த்தார். அவருடைய முருகன் யார் என்று எனக்கு அப்போது விளங்கியது. கனகு அண்ணை எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "இப்பதான் சரி. எங்கட ஃபோமன் இதையேதான் சொல்லுறவன்" என்றார். தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த அபிராமி என் காதுக்குக் கிட்டச் சொன்னாள்: "மாமா, முதலாவது வசனத்திலயே ஒரு சொல்லு விட்டிட்டீங்கள்." பதினொன்றையும் நிரோஜனிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்திருக்கிறாள். மாமா என்று அவள் கூப்பிட்டதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அதன் பிறகு அந்தப் படம் வேறு படமாகிவிட்டது. மரியாதையாகப் பேசிய பொடியன்களுக்காக எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றிருந்தார்கள். இப்போது திரையில் இருந்தவர்களை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்படிக் கதைக்கிற ஒருவனை ஒவ்வொருவரும் எங்கோ பார்த்திருந்தார்கள். கடைசியில் பொலிஸ் நிரோஜனுக்கு விலங்கு போடுகிறது. அவனுடைய பதினோராவது வசனத்தில் தூஷணம் கிடையாது. "அம்மாட்டச் சொல்லாதையுங்கோ" என்றேன். தவராசா எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். நெடுநேரம் குடித்தார்.

புறப்படும்போது வாசலில், "யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு வேண்டிய அளவு பேசியிருந்தேன்.

திங்கட்கிழமை செல்வத்துக்கு வேலை. டாக்சி எடுக்கலாம் என்று பெட்டியோடு கீழே இறங்கினால், வாசலில் தவராசாவின் வான் நின்றது. சந்தைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பின்னால் இரண்டு பெட்டி மரக்கறி, ஒன்று ரஞ்சிக்காம். விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன். "கேட்டுப் பாருங்கோ" என்றார். வான் புறப்பட்டது. நான் கூம்புகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ரஞ்சியிடம் என்ன சொல்வது, நிரோஜனிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வசனம் கட்டிப் பார்த்தேன். எல்லா வசனமும் அழகாக்கியதாகவே வந்தது.

நாற்பதில் ஏறினோம். அதே மேம்பாலம். ஒரு வெள்ளை லொறி எங்களைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தது. தவராசா பிரேக்கை மிதித்து, ஹோர்னை அழுத்தி, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அந்தச் சாரதியின் வம்சத்தைத் திருகோணமலைத் தமிழில் ஆதியிலிருந்து சொன்னார். மூச்சு வாங்க நிறுத்தி, மீதியையும் சொன்னார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ரோட்டைப் பார்த்து ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முருகனையும் கூப்பிடவில்லை. வீட்டு ஆட்களுக்கு முன்னால் முருகன் தேவையில்லை.

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது ரஞ்சி தொலைபேசி எடுத்தாள். "என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். சம்மதம் என்றேன். அவள் சந்தோஷத்தில் அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். பிறகு, என்ன வார்த்தையில் சொன்னார் என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சொல்கிறேன், ஒன்றும் குறைக்காமல் சொல்கிறேன் என்றேன்.